கூட்டாளியா, கூலியாளா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் கண்ட அநுபவ மொழி. ஒப்பந்தத்தில் எழுதிய 'கூட்டாளி' என்னும் பட்டமும் அத்தகையதே என்பதை நேயர்களுக்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

சென்னை, மதுரை, கோவை முதலிய நகரங்களில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும், முதுகில் வண்ணப் பையைச் சுமந்து, மோட்டார் சைக்கிளில் விரைந்து செல்லும் வாலிபர்களைக் காணலாம். ஒருவர் உணவுப் பொட்டலம் கொண்டு போகிறார். மற்றொருவர் மளிகைச் சாமான் கொண்டு போகிறார். இன்னொருவர் பிரயாணியைப் பின்னால் ஏற்றிச் செல்கிறார். கைப்பேசியிலுள்ள செயலி 'இங்கே போ' என்கிறது, போகிறார்கள். 'இவ்வளவுதான் கூலி' என்கிறது, வாங்கிக் கொள்கிறார்கள். 'இன்று முதல் நீ வேண்டாம்' என்றும் ஒரு நாள் சொல்லிவிடுகிறது, வீட்டுக்குத் திரும்புகிறார்கள். இவர்களுக்குக் 'கிக்' தொழிலாளர் என்று பெயர் வழங்குகிறது. நிதி ஆயோக் 2022-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2020-21-ல் நம் தேசத்தில் இத்தகையோர் 77 லக்ஷம் பேர். 2029-30-க்குள் இத்தொகை 2 கோடியே 35 லக்ஷமாகும் என்று அவ்வறிக்கை மதிப்பிட்டது.

இவர்கள் கம்பெனியின் சிப்பந்திகளா, அல்லது தம் சொந்தப் பொறுப்பில் தொழில் நடத்தும் சுயேச்சையான ஒப்பந்தக்காரர்களா? இது வெறும் பெயர்ச் சண்டை என்று சிலர் எண்ணக்கூடும். அன்று. சிப்பந்தி என்றால் குறைந்தபட்சக் கூலி உண்டு. வேலையில் அடிபட்டால் நஷ்ட ஈடு உண்டு. சேமநல நிதி உண்டு. விலக்குவதற்கு முன் காரணம் கேட்கும் உரிமை உண்டு. ஒப்பந்தக்காரர் என்றால் இவற்றில் ஒன்றும் இல்லை. ஒரு சொல்லின் பக்கத்தில் சட்டம் முழுவதும் நிற்கிறது. மற்றொரு சொல்லின் பக்கத்தில் வெறும் வானம்தான் நிற்கிறது.

ஒரு கேள்வி

சில மாதங்களுக்கு முன், இரவு பத்து மணிக்கு மேல், மறுநாள் பத்திரிகை அச்சுக்குப் போகும் சமயத்தில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நம் காரியாலயத்துக்கு வந்தார். நாம் முன்பு வக்கீல் தொழில் பார்த்தவர் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உணவு கொண்டு சேர்க்கும் வேலை நான்கு வருஷமாகச் செய்து வந்தவர். மழை நாளில் பள்ளம் தெரியாமல் வண்டி சரிந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் வண்டியைத் தொட முடியவில்லை. கை தேறிச் செயலியைத் திறந்தால் 'ஐ.டி. பிளாக்' ஆகியிருந்தது. யாரிடம் கேட்பது? மேலதிகாரி என்று ஒருவரும் இல்லை. தொலைபேசியில் பேசியதும் இயந்திரக் குரல்.

ஒப்பந்தத்தைக் கைப்பேசியில் காட்டினார். ஆங்கிலத்தில் பல பக்கங்கள். அதன் அடியில் 'சம்மதம்' என்ற இடத்தில் அவர் விரல் ஒரு முறை பட்டிருக்கிறது, அதுவே கையெழுத்து. அவர் சிப்பந்தி அல்லர் என்பதை அந்த ஒப்பந்தம் ஒரே பக்கத்தில் மூன்று இடங்களில் வற்புறுத்தியிருந்தது. உண்மை தெளிவாக இருக்குமிடத்தில் யாரும் மூன்று முறை சத்தியம் செய்வதில்லை என்று நமக்குத் தோன்றியது.

அவர் பணம் கேட்கவில்லை. பத்திரிகையில் எழுதும்படியும் கேட்கவில்லை. "ஐயா, நான் நாலு வருஷமாக அங்கே வேலை பார்த்தேனா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். நமக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பங்கில்லாத பங்காளி

முதலில் இந்தக் 'கூட்டாளி' என்னும் சொல்லைப் பார்ப்போம். கூட்டாளி என்பதற்கு நம் சட்டத்தில் பொருள் உண்டு. 1932-ம் வருஷத்திய கூட்டு வியாபாரச் சட்டப்படி, ஒரு வியாபாரத்தின் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டவர்களே கூட்டாளிகள். உணவுப் பையைச் சுமப்பவருக்கு லாபத்தில் எந்தப் பங்கு உண்டு? கணக்குப் புஸ்தகத்தை அவர் பார்த்ததுண்டா? கம்பெனியின் பங்குகள் சந்தையில் ஏறினால் அவர் வீட்டு உலையில் ஒரு பிடி அரிசி கூடுமா? பெட்ரோல் விலை ஏறினால் மட்டும் அந்த நஷ்டம் முழுவதும் அவரைச் சேரும். லாபம் ஒருவருக்கு, நஷ்டம் மற்றவருக்கு என்னும் இந்தக் கூட்டுக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

அவர் சுயேச்சையான ஒப்பந்தக்காரர்தானா? அப்படிப்பட்டவர்களையும் நாம் அறிவோம். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒருவரை அழைக்கிறோம். அவர் சுவரைப் பார்த்து ஒரு தொகை கூறுகிறார். நாம் பேரம் பேசுகிறோம். தம் ஆட்களைத் தாமே அழைத்து வருகிறார்; தம் ஏணி, தம் தூரிகை. வேலை நன்றாக இருந்தால் அடுத்த தெருவில் அவர் பெயர் பரவுகிறது. அடுத்த வருஷம் விலையை உயர்த்துகிறார். விலை அவருடையது, பெயர் அவருடையது, வாடிக்கை அவருடையது. இதுவன்றோ சுயேச்சை?

செயலிக்கு உழைப்பவரிடம் இம்மூன்றில் எது உண்டு? விலையைக் கம்பெனி வைக்கிறது. வாடிக்கைக்காரர் கம்பெனியின் வாடிக்கைக்காரர். அவருடைய தொலைபேசி எண்கூட மறைக்கப்படுகிறது. நான்கு வருஷம் ஒரே வீட்டுக்கு உணவு கொண்டு போனாலும் அந்த வீட்டார் இவரைத் தம் ஆளாக அறியார். நட்சத்திர மதிப்பெண் குறைந்தால் வேலை குறைகிறது. பணியை அடிக்கடி மறுத்தால் ஊக்கத் தொகை போகிறது. வண்டி மட்டும் அவருடையது, கடனும் அவருடையது. குதிரையின் சொந்தக்காரர் என்பதற்காகக் கடிவாளம் பிறர் கையில் இருப்பவரைச் சவாரிக்காரர் என்று சொல்வாருண்டோ?

'சம்மதம் கொடுத்தாரே!'

'ஒப்பந்தத்தைப் படித்துச் சம்மதம் கொடுத்தவர்தாமே. பிறகு குறை கூறுவது நியாயமா?' என்று சிலர் கேட்கிறார்கள். ஒப்பந்த சுதந்திரம் என்னும் இந்த மந்திரம் நம் நாட்டுத் தொழிலாளிக்குப் புதியதன்று. 1859-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று, முன்பணம் வாங்கிய வேலையாள் ஒப்பந்தப்படி வேலை செய்யத் தவறினால் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி மூன்று மாதம்வரை சிறையிலிடலாம் என்றது. 'சம்மதித்துத்தானே முன்பணம் வாங்கினான்' என்பதே அன்றும் நியாயம். அச்சட்டம் ரத்தாவதற்கு 1925-ம் வருஷம்வரை காத்திருக்க நேர்ந்தது.

சென்னையில் 1918-ம் வருஷத்தில் ஸ்ரீ வாடியா, திரு. வி. கலியாணசுந்தர முதலியார் முதலிய பெரியோர் தொழிலாளர் சங்கம் கண்டபொழுது நடந்ததை மூத்த நேயர்கள் படித்திருப்பார்கள். பக்கிங்ஹாம் மில் நிர்வாகம், தொழிலாளரை ஒப்பந்தம் மீறும்படி தூண்டினார்கள் என்று சங்கத் தலைவர்கள்மீது ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்துத் தடை உத்தரவும் பெற்றது. ஒப்பந்தம் என்னும் சொல்லைக் கொண்டு சங்கத்தையே நசுக்கலாம் என்பதை அவ்வழக்கு நாட்டுக்குக் காட்டியது. அதன் பயனாக எழுந்த கிளர்ச்சி 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு காரணமாயிற்று.

அன்று ஒப்பந்தம் தொழிலாளியைக் கட்டிப்போடப் பயன்பட்டது. இன்று முதலாளியின் கட்டை அவிழ்த்துவிடப் பயன்படுகிறது. கருவி ஒன்றே, பிடிக்கும் முனைதான் வேறு. பசித்தவன் கொடுக்கும் சம்மதத்தைச் சமமானவர்களின் உடன்பாடாக ஏற்காமையே தொழிலாளர் சட்டம் என்னும் துறை பிறந்ததற்குக் காரணம்.

உப்பளத்திலிருந்து ஒரு தீர்ப்பு

இக்கேள்வி புதியது, செயலி வந்த பின்னரே எழுந்தது என்பது பொதுவான அபிப்பிராயம். உண்மையில் நம் சுப்ரீம் கோர்ட் 1956-ம் வருஷத்திலேயே இதைச் சந்தித்தது.

கட்ச் ரண் உப்பு வெளியில், குடா என்னுமிடத்தில், தாங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் என்னும் கம்பெனி உப்பளம் நடத்தி வந்தது. அகரியர் எனப்படும் மக்கள் மழை ஓய்ந்ததும் குடும்பத்தோடு அங்கே வந்து, கிணறு தோண்டி, உவர் நீரை இறைத்துப் பாத்திகளில் நிரப்பி, உப்பு விளைவிப்பார்கள். அவர்களுக்கு வேலை நேரம் என்பது கிடையாது. வருகைப் பதிவேடு கிடையாது. விளைந்த உப்பின் எடைக்கு இவ்வளவு என்று கூலி. வேண்டுமானால் தாமே ஆள் வைத்துக்கொள்ளலாம். அந்த ஆட்களுக்குக் கூலி கொடுப்பதும் அவர்களே. பருவம் முடிந்தால் ஊருக்குப் போய்விடலாம். 'இவர்கள் எம் தொழிலாளரல்லர், சுயேச்சையான ஒப்பந்தக்காரர்' என்றது கம்பெனி. நேரம் தம் இஷ்டம், கூலி வேலையளவுக்கு, கருவி தம்முடையது என்று இன்று சொல்லப்படும் காரணங்களுக்கும் அன்று சொல்லப்பட்டவற்றுக்கும் என்ன வேற்றுமை?

சுப்ரீம் கோர்ட் அவ்வாதத்தை ஏற்கவில்லை. உப்பு விளையும் ஒவ்வொரு படியிலும் கம்பெனியின் அதிகாரிகள் மேற்பார்வை செய்தார்கள். உவர் நீரின் தன்மையைச் சோதித்தார்கள். தரமற்ற உப்பைக் கழித்தார்கள். அகரியர் தாமே உடலுழைத்து வேலை செய்தவர்கள். உதவிக்கு ஆள் வைத்ததால் அவர்கள் தொழிலாளராகாமல் போய்விடவில்லை. ஆகவே அவர்கள் தொழிலாளரே என்று முடிவாயிற்று.

1973-ல் ஒரு தையற்கடை வழக்கு வந்தது. தையற்காரர்கள் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினார்கள். நினைத்தபோது வந்து போனார்கள். சிலர் துணியை வீட்டுக்குக் கொண்டு சென்று தைத்தார்கள். ஆயினும், தைத்ததைத் தள்ளிவிட்டு மறுபடி தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்காரரிடம் இருந்தது. அந்த அதிகாரமே எஜமானத்துவத்துக்குப் போதிய அடையாளம் என்று கொண்டு, அவர்கள் சிப்பந்திகளே என்றது சுப்ரீம் கோர்ட். 1978-ல் கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை வழக்கில், தொழிலாளருக்கும் முதலாளிக்கும் இடையே நிறுத்தப்பட்டிருந்த ஒப்பந்தக்காரர் என்னும் திரையை விலக்கிப் பார்த்து, யாருடைய வியாபாரத்துக்காக உழைப்பு நடக்கிறதோ, யாருடைய கையில் அந்த உழைப்பாளியின் ஜீவனம் இருக்கிறதோ, அவரே எஜமானர் என்று ஜஸ்டிஸ் கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்.

நம் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பெண்களுக்கு இவ்விஷயத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்கள் தம் வீட்டுத் திண்ணையில், தமக்கு ஓய்ந்த நேரத்தில், முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றியவர்கள். மேஸ்திரி இல்லை, சங்கு ஊதுவதில்லை. இலையும் தூளும் கொடுத்துவிட்டு, 'இவர்கள் எம் ஆட்களல்லர்' என்று கை கழுவினவர்கள் பலர். 1966-ம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றது. தொழில் நடத்தும் உரிமை பறிபோயிற்று என்று முதலாளிகள் சுப்ரீம் கோர்ட் சென்றார்கள். 1974-ல் சட்டம் செல்லும் என்று முடிவாயிற்று. 1985-ல் வீட்டுப் பீடித் தொழிலாளருக்கும் சேமநல நிதி உண்டென்று தீர்ப்பு வந்தது. அச்சட்டம் இப்பொழுது புதிய தொகுப்பொன்றில் அடங்கிவிட்டது. ஏட்டில் இருந்த அளவு அது திண்ணைவரை வந்து சேர்ந்ததென்று நாம் சொல்ல மாட்டோம். ஆயினும் கொள்கை நிலைத்துவிட்டது: நேரம் தன் இஷ்டம் என்பதால் ஒருவர் தொழிலாளியாகாமல் போவதில்லை.

பிற நாடுகளின் அநுபவம்

அயல்நாட்டு வழக்குகளும் இதற்குத் துணை நிற்கின்றன, எச்சரிக்கையும் தருகின்றன.

லண்டனில் ஊபர் டிரைவர்கள் 2016-ம் வருஷத்தில் தொழில் நடுவர் மன்றத்தில் வெற்றி பெற்ற வழக்கு, 2021 பிப்ரவரியில் பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டில் முடிவுற்றது. கட்டணத்தைக் கம்பெனியே வைக்கிறது, நிபந்தனையை அதுவே விதிக்கிறது, பிரயாணியோடு டிரைவர் உறவு கொள்ளாதபடி பார்த்துக்கொள்கிறது, மறுப்பவரைத் தண்டிக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதிலிருந்து தொடங்கலாகாது, சட்டம் யாரைக் காக்க எழுந்ததோ அந்த நோக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினார்கள். சிப்பந்திக்கும் சுயதொழில் செய்பவருக்கும் இடைப்பட்ட 'ஒர்க்கர்' என்னும் வகையில் டிரைவர்கள் அடங்குவர். குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்துடன் விடுமுறையும் பெறுவர். செயலியைத் திறந்து, வேலைக்குத் தயாராக அவர்கள் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே.

ஆனால் அதே மன்றம் 2023 நவம்பரில், டெலிவரூ என்னும் உணவுக் கம்பெனியின் வழக்கில், தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்ததை முக்கியமாகக் கொண்டு, அந்த ஆட்கள் சிப்பந்தி உறவில் இல்லையென்று தீர்த்தது. உப்பளத்து அகரியர் உதவிக்கு ஆள் வைத்ததையும் இதையும் முற்றிலும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆயினும், வழக்குக்கு வழக்கு தனித்தனியே தீர்மானிக்க விட்டுவிட்டால், சாமர்த்தியமான வக்கீல் எழுதும் ஒரே ஷரத்து ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதியை மாற்றிவிடும் என்பதற்கு இது சான்று. ஷரத்து எழுதும் தொழிலை நாமும் பழகியவராதலால் இதை உறுதியாகச் சொல்கிறோம்.

கலிபோர்னியாவின் கதை வேறு. 2020-ம் வருஷம் அமலுக்கு வந்த சட்டம் ஒன்று, கம்பெனி தன்னிடம் உழைப்பவர் சுயேச்சையானவரென்று நிரூபித்தாலன்றி அவர் சிப்பந்தியே என்றது. கம்பெனிகள் 20 கோடி டாலருக்குமேல் செலவிட்டுப் பிரசாரம் செய்து, அவ்வருஷ நவம்பரிலேயே பொதுஜன வாக்கெடுப்பின் மூலம் செயலி டிரைவர்களுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றன. 2024 ஜூலையில் அந்த ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட்டும் அவ்விலக்கைச் செல்லுபடியாக்கியது. ஒரு பெயரைக் காப்பாற்ற இவ்வளவு பணம் செலவிடுகிறவர்கள், அது வெறும் பெயர் என்று நமக்கு உபதேசிப்பது விந்தையே.

ஐரோப்பிய யூனியன் 2024-ல் இயற்றிய விதி, கட்டுப்பாடும் ஏவலும் இருப்பதாகக் காணுமிடத்தில் சிப்பந்தி உறவு உண்டென்றே கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிக்கும் பாரம் கம்பெனியைச் சேரும் என்கிறது. ஒருவரது கணக்கை முடக்கும் முடிவை இயந்திரமல்ல, மனிதரே செய்ய வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது. அங்கத்தினர் நாடுகள் இதை நிறைவேற்ற 2026 டிசம்பர் 2 வரை தவணை தரப்பட்டது.

தானமும் கடனும்

நம் நாட்டில் என்ன நடந்திருக்கிறது? 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளரை முதல் முறையாகப் பெயர் சொல்லி அழைத்தது. அது 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. கம்பெனிகள் தம் வருஷ வரவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை, தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாமல், ஒரு நிதிக்குச் செலுத்த வேண்டும். அதிலிருந்து விபத்து, ஆரோக்கியம், பிரசவம், முதுமை ஆகியவற்றுக்குத் திட்டங்கள் வகுக்கப்படலாம். ராஜஸ்தான் 2023-ல் இதற்கெனத் தனிச் சட்டம் செய்தது. அவ்வருஷமே தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்தது. கர்நாடகம் 2025-ல் ஒரு படி மேலே சென்று, காரணம் காட்டிப் பதினான்கு நாள் முன்னறிவிப்பின்றி ஒருவரை விலக்கலாகாது என்றது. இவையனைத்தையும் நாம் மனமார வரவேற்கிறோம். எதுவுமில்லாத இடத்தில் இவை பெரிது.

ஆனால் தொகுப்பின் விளக்கப் பிரிவை வக்கீல் கண்ணோடு படித்தால் ஒன்று புலப்படும். கிக் தொழிலாளர் யார்? பழைய முறையான எஜமானர்-சிப்பந்தி உறவுக்கு வெளியே உழைத்துச் சம்பாதிப்பவர். எது வழக்கோ, அதையே விளக்கத்தில் முடிவாக எழுதிவிட்டது சட்டம்! விசாரணைக்கு முன்பே தீர்ப்பு! உண்மையில் எஜமானர்-சிப்பந்தி உறவில் இருப்பவருக்கு இவ்விளக்கம் பொருந்தாது என்று கோர்ட்டில் வாதிக்க இன்னும் இடமுண்டு. ஆனால் கைமுறிந்து கிடப்பவரா கோர்ட்டுக்கு நடப்பார்? குறைந்தபட்சக் கூலியைப் பற்றிய சட்டத் தொகுப்பிலும், தொழில் தகராறுகளைப் பற்றிய சட்டத் தொகுப்பிலும் கிக் தொழிலாளர் என்ற பேச்சே இல்லை.

நிதியிலிருந்து கிடைப்பது திட்டம். திட்டம் சர்க்காரின் மனப்போக்கைப் பொறுத்தது. சிப்பந்திக்குக் கிடைப்பது உரிமை. உரிமையைக் கேட்டு வாங்கலாம். 1923-ம் வருஷத்தில் பிறந்து இப்பொழுது இதே தொகுப்பில் அடங்கியிருக்கும் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின்படி, வேலையில் அடிபட்ட சிப்பந்திக்கு எஜமானர் கடன்பட்டவர். அது தானமன்று. தானம் கொடுப்பவரைப் பார்த்துக் கும்பிட வேண்டும்; கடன்பட்டவரை நிமிர்ந்து பார்க்கலாம். நம்மிடம் வந்த மனிதர் வேண்டியது நிமிர்ந்து பார்க்கும் அந்த நிலைதான்.

எதிர்க்கட்சியாரின் வாதம்

எதிர்க்கட்சியார் கூறுவதில் நியாயமே இல்லையென்று தள்ளுவது நம் வழக்கமன்று. அவர்கள் முக்கியமாக மூன்று ஆக்ஷேபங்கள் சொல்கிறார்கள்.

முதலாவது, இத்தொழிலாளர் பலர் சுதந்திரத்தையே விரும்புகிறார்கள். காலேஜில் படிப்பவர் மாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறார். சிப்பந்தியாக்கினால் அந்த வசதி போய்விடும் என்பது. வசதி உண்மையே, நாம் மறுக்கவில்லை. ஆனால் சிப்பந்தி என்றால் ஒன்பது மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போக வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? அகரியருக்கு மணிக் கணக்கு இல்லை, தையற்காரருக்கு இல்லை, பீடி சுற்றியவருக்கும் இல்லை. இரண்டு மணி நேரம் உழைத்தவருக்கு இரண்டு மணி நேரத்துக்குரிய பாதுகாப்பு. சுதந்திரமும் பாதுகாப்பும் ஒன்றையொன்று கொல்ல வேண்டுமென்பது கம்பெனியின் கட்டளையேயன்றி இயற்கையின் விதியன்று.

இரண்டாவது, ஒரே சமயத்தில் இரண்டு மூன்று செயலிகளைத் திறந்து வைப்பவருக்கு எஜமானர் யார் என்பது. இது கஷ்டமான கேள்விதான். பணியை ஏற்ற கணம் முதல் முடிக்கும் கணம்வரை யாருடைய வேலை என்பதில் சந்தேகமேயில்லை. காத்திருக்கும் நேரத்தைப் பங்கிடுவதுதான் சிக்கல். ஒவ்வொரு வினாடியையும் எண்ணி, எந்தச் சந்தில் யார் நிற்கிறார் என்று அறியும் கணக்கு யந்திரம், இந்தக் கணக்கு ஒன்றுக்கு மட்டும் திணறுமா?

மூன்றாவது, செலவு கூடும், விலை ஏறும், வேலைகள் குறையும் என்பது. செலவு கூடலாம். ஆனால் அந்தச் செலவு இப்பொழுது இல்லாமலா இருக்கிறது? முறிந்த கைக்கு யாரோ வைத்தியம் பார்க்கத்தான் பார்க்கிறார்கள். மனைவியின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. அல்லது சர்க்கார் ஆஸ்பத்திரி ஏற்கிறது. நம் வீட்டு வாசலுக்கு மலிவாக வந்து சேரும் பொட்டலத்தின் மீதி விலையை வேறொருவர் வீட்டில் கட்டுகிறார்கள். அதை உரியவர் கணக்கில் எழுத வேண்டுமென்றே கேட்கிறோம்.

செய்ய வேண்டுவது

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். விலையை வைப்பவர், வேலையைப் பங்கிடுபவர், விலக்கும் அதிகாரம் உடையவர் ஒருவரே ஆயின், அவரிடம் உழைப்பவரைச் சட்டம் சிப்பந்தியென்றே கொள்ள வேண்டும். இல்லையென்பவர் நிரூபிக்கட்டும். வெள்ளையடிப்பவரைப்போல் தம் விலையைத் தாமே கூறி, தம் வாடிக்கையைத் தாமே வளர்ப்பவர் எவரோ, அவர் சுயேச்சையானவராகவே இருக்கட்டும். அவரை நாம் கட்டவில்லை. பணியில் இருக்கும் நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலியும், அடிபட்டால் நஷ்ட ஈடும் உரிமையாக வேண்டும். கணக்கை முடக்கும் முன் காரணம் தெரிவித்து, தமிழில் பதில் கேட்டு, ஒரு மனிதர் விசாரிக்க வேண்டும். இவற்றுக்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. உப்பளத்துக்கு வழங்கிய நீதியைத் தெருவுக்கும் வழங்கினால் போதும்.

பிறருக்கு அளவுகோல் நீட்டுபவர் அதைத் தம்மீதும் வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர். இக்கட்டுரை எழுதத் தொடங்கிய அன்று நம் காரியாலயத்துக் கணக்கைத் திறந்தோம். வெளியூர்களிலிருந்து நமக்குச் செய்தி அனுப்புபவர்களுக்குச் செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுத்து வருகிறோம். விலையை வைப்பது நாம். எதை எழுத வேண்டுமென்று சொல்வது நாம். பிடிக்காததைக் குப்பைக் கூடையில் போடுவதும் நாம். வெள்ளத்திலும் தீயிலும் முதலில் போய் நிற்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'கௌரவ நிருபர்'. செயலிக் கம்பெனிக்காரர் 'கூட்டாளி' என்றார். நாம் 'கௌரவம்' என்றோம். இரண்டும் ஒரே கடைச் சரக்கே.

இம்மாதம் முதல் அவர்களுக்கு விபத்து இன்ஷூரன்ஸ் செய்திருக்கிறோம். அது போதாது என்பதை மேலே நாமே எழுதியிருக்கிறோம். நியமனக் கடிதமும் அதனுடன் வரும் கடமைகளும் அடுத்த படி. வருஷ முடிவுக்குள் அதைச் செய்வதென்று தீர்மானித்திருக்கிறோம். அதனால் பத்திரிகையின் விலை சிறிது ஏற நேர்ந்தால், காரணம் இன்னதென்று நேயர்கள் அறிவார்கள்.

அந்த இரவு நம்மிடம் வந்தவருக்கு அன்று சொல்ல முடியாத பதிலை இன்று சொல்கிறோம். தம்பி, நீங்கள் அங்கே வேலைதான் பார்த்தீர்கள். சட்டம் இன்னும் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது சட்டத்தின் குறை, உங்கள் குறையன்று.